மடை திறந்தவர்களும் உத்தரவு போட்டவர்களும்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் 'தண்ணீரும் சாதியும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. கிணறு, குளம், குழாயடி, தனிக்குவளை எல்லாமே பேசப்பட்டவை. அவற்றின் தேவை தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீரைத் தொடும் உரிமையைப் பேசிய அளவுக்கு, தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியை நாம் பேசவில்லை. ஒரு நகரத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது, எந்தப் பகுதிக்குப் புதிய குழாய் போடுவது, பாதாளச் சாக்கடைக்குள் இயந்திரத்தை இறக்குவதா மனிதரை இறக்குவதா என்று கையெழுத்துப் போடுகிற அந்த நாற்காலிக்கு யார் விண்ணப்பிக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

இப்படித் தலைப்பை நகர்த்தியதற்கு ஒரு கோப்பு காரணம். நம் வாசக வட்டத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். குடிநீர் வாரியம் ஒன்றில் எண்பதுகளின் தொடக்கத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். எந்த வாரியம் என்பது இங்கே வேண்டாம். வீடு மாறும்போது பழைய தாள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்தவரிடமிருந்து ஒரு கட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தோம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவட்டை, நேர்காணல் கடிதம், பணி நியமன ஆணை, பணிமூப்புப் பட்டியலின் கார்பன் நகல்கள், மேல்முறையீடுகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுக்கள் எல்லாம் டேக் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய விண்ணப்பங்கள். அவற்றைப் படிக்கும்போதுதான் இந்த விண்ணப்பம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போனோம். போய் நின்ற இடம் 1893.

அந்த ஆண்டில்தான் 'பறையன்' இதழைச் சீனிவாசன் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பறையர் மகாஜன சபையின் சார்பில் 3412 பேர் கையொப்பமிட்ட ஒரு மனு, இந்தியாவில் அந்தத் தேர்வை நடத்தாதே என்று கோரி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. கல்லூரி வகுப்பறைகளில் இந்த மனுவைச் சொன்னாலே சிலர் நெளிவார்கள். 'வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்த மனு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த மனு கேட்ட கேள்வி தேர்வு எங்கே நடக்க வேண்டும் என்பதல்ல. தேர்வு எழுதிக் கலெக்டராக வரப்போகிறவர் யார், அவர் சேரிக்கு என்ன செய்வார் என்பதே அதன் கவலை. தேர்வு என்பது தகுதியை மட்டும் அளக்கும் நடுநிலைக் கருவி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அந்தக் கருவி யார் கையில் அதிகாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்ட முதல் அரசியல் ஆவணங்களில் அதுவும் ஒன்று. கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கும் வாய்ப்பு அவர்கள் வாழ்நாளில் வரப்போவதில்லை. அது தெரிந்தேதான் கையொப்பமிட்டிருப்பார்கள்.

தண்ணீருக்கு வருவோம். நீர் மேலாண்மை என்பது ஏதோ பொறியியல் கல்லூரியில் பிறந்த சொல் போலப் பேசப்படுகிறது. தமிழ்நாட்டின் ஏரிப் பாசன ஊர்களில் அந்த வேலைக்கு ஆள் இருந்தார். தெற்கே நீர்க்கட்டி, மடையர், வடக்கே கம்புகட்டி. ஊருக்கு ஊர் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். கண்மாயில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துச் சொல்வது, மடை திறப்பது, அடைப்பது, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவது, வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையில் படுத்து உடைப்பு வராமல் காப்பது. பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை பறையரிடமோ பள்ளரிடமோ இருந்தது. மடைக்குள் மூச்சடக்கி இறங்கி அடைப்பை எடுத்தவர்களும் இவர்களே. கூலியாகக் களத்தில் நெல் அளந்தார்கள், சில ஊர்களில் சிறு மானிய நிலம் இருந்தது. சமூகவியல் படித்த நாட்களில் டேவிட் மாஸ் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலில் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைப் பற்றிப் படித்தபோது நமக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. நம் பாட்டன்மார் சொன்னதைத்தான் வேறு மொழியில் எழுதியிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீரளவு தெரிந்தவர், நிலத்தின் சரிவு தெரிந்தவர், எந்த மடையைத் திறந்தால் கடைக்கோடி வயலுக்கு எத்தனை நாழிகையில் தண்ணீர் போகும் என்று தெரிந்தவர் நீர்க்கட்டி. ஆனால் எந்த வயலுக்கு முதலில் என்ற முறையை வகுத்தவர் அவர் அல்ல. பாசனத் தண்ணீர் முழுவதையும் கையால் பங்கு போட்டவருக்கு ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொள்ள முடியாது. அறிவும் உழைப்பும் ஒரு பக்கம், முடிவு வேறு பக்கம். 'மடையன்' என்று இன்று திட்டுகிறார்களே, அந்தச் சொல் மடை திறந்தவரிடமிருந்து வந்தது என்று ஊர்களில் சொல்வார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, சொல்கிறவர்களின் வலி பொய்யல்ல.

சென்னைப் பட்டணத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது, ஏற்பாடு மாறவில்லை. 1772இல் கேப்டன் பேக்கர் ஏழு கிணறு திட்டத்தைத் தொடங்கிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. 1914இல் மேட்லி என்ற பொறியாளரின் காலத்தில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும் மணல் வடிகட்டிகளும் வந்தன. தி.நகரில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. குழாய் வந்த பிறகு நீர்க்கட்டியின் இடத்துக்குப் பொறியாளர் வந்தார். அந்த நாற்காலியின் வழி கிண்டிப் பொறியியல் கல்லூரி வழியாகப் போனது. நம்மவர்களுக்கு ஆரம்பப் பள்ளியின் வாசலே திறக்காத காலத்தில் கிண்டியின் வாசலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது! குழாய்க்குப் பள்ளம் தோண்டவும் சாக்கடை அள்ளவும் ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கல்விச் சான்று கேட்கப்படவில்லை. அந்த வேலைக்கு விண்ணப்பமே தேவைப்படவில்லை. அப்பன் இறங்கினால் பிள்ளை இறங்குவான் என்று வைத்துக்கொண்டார்கள்.

1920களில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது நமக்கு நன்றாகத் தெரிந்தது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானம். சீனிவாசன் பெயரோடும் கோவை ஆர். வீரையன் பெயரோடும் இதை இணைத்துச் சொல்கிறோம். யாருடைய பெயர் முதலில் என்று நம் தோழர்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். இருவருமே அந்தச் சபையில் நமக்காக நின்றவர்கள் என்பது போதாதா?

தீர்மானம் அரசாணையாக வந்தது. ஆனால் அதே காலத்தில் அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை, பள்ளி, கிணறு என்று அந்தத் துறை செய்த பணிகளை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. பல சேரிகளில் முதல் சுத்தமான தண்ணீர் அந்தக் கிணறுகளில்தான் கிடைத்தது. ஆனால் ஒரு கை 'பொதுக்கிணறு எல்லோருக்கும்' என்று ஆணை போட, மறு கை 'உனக்குத் தனியாக வெட்டித் தருகிறேன்' என்று சொன்னதில் எது நிலைத்தது? தனிக்கிணறு நிலைத்தது. அது பிறகு தனிக் கைப்பம்பாகி, தனித் தெருக்குழாயாகி, இன்று தனி மேல்நிலைத் தொட்டியாக நிற்கிறது. மோதலைத் தவிர்க்க நினைக்கும் அதிகாரிக்குத் தனிக்கிணறுதான் வசதி. அந்த அதிகாரியின் இடத்தில் நம்மவர் இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பாரா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறோம். அதற்கு எளிய பதில் இல்லை.

இரண்டாவது காரியம் வகுப்புவாரி அரசாணை. 1920களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த முறைப்படி, 12 வேலையிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று. இந்திய வரலாற்றில் அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றும் பியூன் வேலையில் நிரம்புவதற்கும் என்ஜினியர் வேலையில் நிரம்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பட்டம் பெற்றவர் இருந்தால்தானே இடம் நிரம்பும்.

மகாடு நிகழ்வை எல்லோரும் சவுதார் குளத்தின் தண்ணீரைக் கையில் எடுத்த அந்தக் கணத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1927 மார்ச் 20. அதற்கு முன்னும் பின்னும் நடந்த அலுவல் கதையைப் பாருங்கள். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்று 1924இல் மகாடு நகராட்சி, குளம் எல்லோருக்கும் உரியது என்று தீர்மானம் போட்டது. அதாவது அம்பேத்கர் குளத்தில் இறங்கியபோது சட்டத்தை மீறவில்லை, நகராட்சியின் தீர்மானத்தைத்தான் நிறைவேற்றினார். அடி விழுந்தது. அதே 1927 ஆகஸ்டில் அந்த நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. பிறகு நீதிமன்றம், தடையுத்தரவு, மேல்முறையீடு. 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம், எதிர்த்தரப்பு சொன்ன தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. குளம் நகராட்சியுடையது. நகராட்சிக் கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்துக் குளம் திறந்தது, மூடியது. சாதி ஊர்த் தெருவில் மட்டும் இல்லை, நகராட்சியின் தீர்மானப் புத்தகத்திலும் இருந்தது. அம்பேத்கர் இதை மறக்கவில்லை என்றே நாம் படிக்கிறோம்.

ஏனென்றால் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான உடனேயே அவர் அரசுக்கு அளித்த, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றிய மனுவில் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். குமாஸ்தா வேலை ஒன்று, நிர்வாகத்தின் போக்கைத் தீர்மானிக்கும் வேலை வேறொன்று. பின்னதை அடைய உயர்கல்வி, குறிப்பாக அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அதற்கு அரசு பணம் தர வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வாதிடுகிறார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதே பதவிக் காலத்தில்தான் நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் அடித்தளம் அப்போது போடப்பட்டது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் மூல அமைப்பு 1945இல் உருவானது. பள்ளியில் பியூன் வராத நாளில் தண்ணீர் குடிக்க முடியாமல் இருந்த பிள்ளை, ஒரு துணைக்கண்டத்தின் ஆறுகளுக்குத் திட்டம் போடும் மேசையில் உட்கார்ந்தார். நம் சிலைகளில் அவர் கையில் அரசமைப்புச் சட்டம் மட்டும் இருக்கிறது. ஓர் அணையின் வரைபடமும் இருந்திருக்கலாம்.

அரசமைப்புச் சட்டத்தைத் திறந்தால் 15ஆம் கூறு கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. அடுத்த 16ஆம் கூறு அரசு வேலை. 17 தீண்டாமை ஒழிப்பு. கிணற்றுக்கும் தீண்டாமைக்கும் நடுவில் வேலை உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் இந்த மூன்றையும் தனித்தனித் தேர்வுக் கேள்விகளாகப் படிக்கிறார்கள். ஒருமுறை சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

16ஆம் கூறின் பயணம் நம் ஊரோடு தொடர்புடையது. பதவி உயர்வில் இட ஒதுக்கீடு செல்லுமா என்ற முதல் பெரிய வழக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயிலிருந்து போனது. ரங்காச்சாரி வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, 1961இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், மண்டல் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் பதவி உயர்வில் கூடாது என்றது. நாடாளுமன்றம் 1995இல் அரசமைப்பைத் திருத்தி 16(4ஏ) சேர்த்தது. 2006இல் நாகராஜ் வழக்கில், தரவு திரட்டிக் காட்டு என்றார்கள். பின்தங்கிய நிலைக்குத் தரவு வேண்டியதில்லை, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கு வேண்டும் என்று 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் வந்தது. ஒரு தலைமுறை வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலம் வரை இந்தக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. இதெல்லாம் நேரடி நியமனத்துக்கு. வாசலில் நுழைய 18. மாடி ஏறும்போது?

இங்கேதான் அண்ணனின் கோப்பு பேசத் தொடங்குகிறது. உண்மையில், குடிநீர் வாரியங்களில் உச்சிப் பதவிக்கு விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. மேலாண்மை இயக்குநர் நாற்காலி ஐ.ஏ.எஸ்.காரருக்கு. தலைமைப் பொறியாளர் வரையிலான நாற்காலிகள் பதவி உயர்வுப் பட்டியல் வழியாக. உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்ற படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியலில் பெயர் வரப் பணிமூப்பு வேண்டும், ரகசியக் குறிப்பேடு நன்றாக இருக்க வேண்டும், பட்டியலுக்குரிய தேதியில் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கக் கூடாது. மூன்றும் சாதி பார்க்காத விதிகள். ஆனால் குறிப்பேட்டை எழுதுகிற மேலதிகாரியும், குற்றக் குறிப்பாணையை எந்த மாதம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறவரும் விதிகள் அல்ல, மனிதர்கள்.

அண்ணனுக்கு மேற்பார்வைப் பொறியாளர் பட்டியல் வரவிருந்த ஆண்டில் 17(பி) வந்தது. அரசு ஊழியர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை, கேட்டாலே வயிறு கலங்கும். குற்றச்சாட்டு: பருவமழைக்கு முன் ஒரு பகுதியில் சாக்கடை அடைப்பெடுக்கும் பணியைத் தாமதப்படுத்தினார். தாமதத்துக்குக் காரணம், அடைப்பெடுக்கும் வண்டி பழுதாகி நின்றிருந்தது, ஒப்பந்தக்காரர் ஆட்களை உள்ளே இறக்கலாம் என்றார், இவர் எழுத்தில் மறுத்தார். மறுப்பின் நகல் கோப்பில் இருக்கிறது. விசாரணை இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ஆணை வந்தது. அதற்குள் பட்டியல் போய்விட்டது, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். நிலையை மீட்டுத் தரக் கோரி அவர் எழுதிய விண்ணப்பங்கள் ஒன்பது. ஆறுக்குப் பதிலே இல்லை. மூன்றுக்கு 'பரிசீலனையில் உள்ளது'.

இந்தக் கதையைக் கேட்டதும் நமக்கு ஒரு வீரர் கிடைத்துவிட்டார் என்று தோன்றும். நாமும் அப்படித்தான் அவரிடம் சொன்னோம். அவர் உடனே மறுத்தார். "நான் கையெழுத்துப் போட்ட நாட்களும் உண்டு தம்பி. ஆரம்பத்தில் எல்லோரும் போட்டோம். ஆள் இறங்குவான் என்று தெரிந்துதான் போட்டோம். இறங்குகிறவன் நம்ம ஆளா என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம்." சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "அருந்ததியர் பையன்கள்தான் பெரும்பாலும். நம்ம ஆள் என்று இப்போது சொல்கிறேனே, அன்றைக்கு அப்படிக்கூட நினைக்கவில்லை" என்றார். இதை அச்சில் போடலாமா என்று கேட்டபோது, போடு என்றார்.

எனவே நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சென்னை மாநகராட்சிக்கு ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இலேயே மேயரானார், என். சிவராஜ் 1945இல் மேயரானார், 2022இல் ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானார். நகரத்தின் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களின் சாதி அதனால் மாறிவிடவில்லை. ஒற்றை ஆள் தனியாக மேலே போனால், கீழே இருப்பவர்களைப் பார்க்காமல் இருப்பதே அங்கே நிலைப்பதற்கான வழி என்று நிறுவனம் அவருக்குக் கற்றுத் தருகிறது. அண்ணனின் பயம் அவருடைய தனிப்பட்ட குணக்கோளாறு அல்ல. ஒரு அலுவலகத்தில் செயற்பொறியாளர் மட்டத்தில் நம்மவர் ஐந்து பேர் இருந்திருந்தால் அவர் அந்த மறுப்பைப் பத்து ஆண்டு முன்பே எழுதியிருப்பார் என்று நாம் நம்புகிறோம். இது நம் கணிப்பு, அவரே இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது. உள்ளே இறக்கியவர் யார் என்று கேட்டால், ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியோடு விசாரணை நின்றுவிடுகிறது. இயந்திரம் வாங்கக் கோப்பு நகர்த்தாதவர், பழுதான வண்டியைச் சரிசெய்ய நிதி ஒதுக்காதவர் குற்றப்பத்திரிகையில் வருவதில்லை.

வேங்கைவயலையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிறு குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு தெரியவந்தது. பிறகு அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர்கள் மூவர் மீதே காவல்துறை குற்றப்பத்திரிகை கொடுத்தது, மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்தத் தொட்டியே 1920களின் தனிக்கிணற்றின் பேரன் அல்லவா? தொட்டியைத் தனியாகக் கட்டலாம் என்று மதிப்பீடு தயாரித்து, அளவு போட்டு, கையெழுத்திட்ட மேசைகள் எத்தனை? அவற்றில் ஒன்றாவது 'ஏன் தனியாக?' என்று குறிப்பு எழுதியிருக்குமா?

இப்போது இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூரின் குடிநீர் வழங்கல் பணி 2018இல் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அதற்கு முன்பே திருப்பூரில் தொழிற்சாலைகளுக்கான தண்ணீர் தனியார் பங்கேற்பில் வந்தது. தண்ணீர் விலை ஏறும் என்று இடதுசாரித் தோழர்கள் போராடினார்கள், சரிதான். நமக்கு இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். வாரியத்தில் தலைமைப் பதவிக்கு விண்ணப்பப் படிவம் இல்லை என்றோம். தனியார் நிறுவனங்களில் உண்டு. இணையத்தில் விளம்பரம் வரும்: பொது மேலாளர், நீர் வழங்கல்; இத்தனை ஆண்டு அனுபவம், அதில் இத்தனை ஆண்டு தலைமைப் பொறுப்பில். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், சாதி கேட்கமாட்டார்கள். ஆனால் 16ஆம் கூறு அந்த வாசலில் நின்றுவிடுகிறது. இட ஒதுக்கீடு அங்கே செல்லாது. தலைமைப் பொறுப்பில் அனுபவம் கேட்கிறார்கள். தலைமைப் பொறுப்புக்குப் போகும் வழியில் 17(பி) வாங்கியவர் அந்த அனுபவத்துக்கு எங்கே போவார்? வாரியத்தில் மாடிப்படி பூட்டிக் கிடந்ததன் விளைவு, தனியார் நிறுவனத்தின் தகுதி நிபந்தனையில் வந்து நிற்கிறது. நீதிமன்றத்தில் நாற்பது ஆண்டு போராடிப் பெறும் படி எதுவானாலும், அது கைக்கு வரும்போது கட்டிடமே வேறொருவருக்குக் குத்தகையாகப் போயிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் சிவில் என்ஜினியரிங் படித்தவர்கள் இன்று கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். 1942 மனுவில் அம்பேத்கர் கேட்டது ஓரளவு நடந்திருக்கிறது. பாதிப் பேர் கட்டுமானக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர், மீதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் படிக்கிறார்கள். 'குழாய், சாக்கடை வேலையை விட்டு ஓடி வரத்தான் படித்தோம், திரும்ப அங்கேயா' என்று ஒரு பெண் நம்மிடம் கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் அண்ணனிடம் அனுப்பினோம். அவர் அவளுக்கு என்ன சொன்னாரோ தெரியாது, உதவிப் பொறியாளர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரல் 14 அன்று செயல்படத் தொடங்கியது. தமிழ்ப் புத்தாண்டு என்று அந்த நாளைத் தேர்ந்தார்களோ என்னவோ, அது அம்பேத்கர் பிறந்தநாள். சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல். இவற்றிலும் மாநகராட்சிகளிலும் ஒவ்வொரு படியிலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர். கடந்த பத்து ஆண்டுகளில் 17(பி) பெற்றவர்கள் எத்தனை பேர், அதில் நம்மவர் எத்தனை பேர், பட்டியல் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை? இந்தக் கேள்விகளை அண்ணன் தன் அலுவலகத்துக்கு மட்டும் கேட்டார். 'இவ்வாறாகத் தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை' என்று ஒரு வரிப் பதில் வந்தது. உச்ச நீதிமன்றம் தரவு கேட்கிறது, அலுவலகம் தரவு இல்லை என்கிறது.

அதே கேள்விகளை மாவட்டம் மாவட்டமாக, வாரியம், மாநகராட்சி, நகராட்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்பதாக மன்றம் முடிவு செய்திருக்கிறது. மனுவின் மாதிரியை அண்ணன் தன் கையெழுத்தில் எழுதித் தந்திருக்கிறார். நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் ஊர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததையும் வராததையும் மன்றத்துக்கு எழுதுங்கள், அண்ணனின் கோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறோம்.